நிழலில்லா நண்பகலும் தேனீயின் வழியும்

தும்பியைப் பற்றிப் பாடஞ் சொல்லியே என் ஆசிரிய வாழ்வில் கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. குறுந்தொகையின் இரண்டாஞ் செய்யுளைத் தொடங்குமுன் தருமியின் கதையையும் நக்கீரரின் வாதத்தையும் விரித்துரைப்பேன். மணங்களை வேறுபடுத்தி அறியும் வன்மை தும்பிக்கு உண்டு என்பது அச்செய்யுளுக்கு எவ்வாறு உயிராகிறது என்று விளக்கி முடிக்கையில் மணியடித்துவிடும். பூவை நாடிச் சென்ற அத்தும்பி பின்னர் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்டதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், எட்டியாந்தோட்டைக்கு அப்பாலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில், ஐப்பசி மழை ஓட்டுக் கூரையில் இரைந்துகொண்டிருந்த ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், அவ்வளவு தூரம் போன பூச்சிக்குக் கூட்டுக்குத் திரும்பி வர எப்படி வழி தெரியும்?"

நான் விடை தேடிக்கொண்டிருக்கையிலேயே குரலைத் தாழ்த்தி மற்றொன்றும் கேட்டாள்: "எங்கம்மாவைக் கொட்டினதெல்லாம் திரும்பிப் போயிருக்குமா, சேர்?"

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே அவளுடைய தாய், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இடத்தில் மொய்த்துக் கொட்டுண்டு, மூன்று நாள் அரசினர் வைத்தியசாலையிற் கிடந்து மீண்டிருந்தாள். "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று கூறித் தப்பிக்கொண்டேன். அந்த நாளை வருவதற்கு ஆறு மாதம் சென்றது. அதற்கிடையில் நூல்களைப் படித்தும், விஞ்ஞான ஆசிரியரான நண்பரை நச்சரித்தும், பாடசாலையின் பின்புறத்தில் ஒரு தேனீப் பெட்டியை வைத்துப் பார்த்தும் அறிந்தவையே இக்கட்டுரைப் பொருளாகும்.

முதலிற் பெயரைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். நம் தோட்டங்களிலே கொட்டுவன யாவும் 'குளவி' என்றே வழங்கும். பத்திரிகைகளும் 'குளவிக் கொட்டுக்கு இலக்காகி' என்றே எழுதுகின்றன. குளவியும் கொட்டுவதுண்டு, மறுக்கவில்லை. ஆயினும் உயர்ந்த மரக்கிளையிலோ பாறையின் முகத்திலோ அரைவட்டமாகத் தொங்கும் ஒற்றைப் பேரடையிலிருந்து திரளாக எழுந்து வருவது குளவியன்று, மலைத்தேனீ. அயற் கிராமத்துச் சிங்கள மக்கள் அதனைப் 'பம்பரா' என்பர். வண்டைக் குறிக்கும் பிரமரம் என்னும் வடசொல் பாளியிற் பமரமாகி அவ்வாறு வந்தது. குளவிக்கு அவர்களிடத்தில் 'தெபரா' என வேறு சொல் உண்டு. சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு, தேன் என்று இவ்வினத்துக்கு இத்தனை பெயர் கண்ட மொழியைப் பேசும் நாம் இரண்டையும் ஒரு பெயரால் அழைப்பது ஒரு தமிழாசிரியனுக்கு வருத்தந் தருவதே. இந்த வருத்தம் சொல்லைப் பற்றியது மட்டுமன்று என்பது பின்னர்ப் புலப்படும்.

மலைத்தேனீயையன்றி நம் நாட்டில் வேறிரு தேனீக்களும் உள. மரப்பொந்திலும் புற்றிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது அடுக்குத்தேனீ, சிங்களத்தில் மீமெஸ்ஸா. பெட்டியில் வைத்து வளர்ப்பது இதனையே. செடியின் கொம்பிலே உள்ளங்கையளவு அடை வைப்பது கொம்புத்தேனீ. கொடுக்கில்லாத கொசுத்தேனீயும் உண்டு; அதனை இங்கே விட்டுவிடுவோம்.

இவை இரைக்குச் செல்லும் இடம் எப்பொழுதும் பூவாகத்தான் இருக்கவேண்டும் என்பதுமில்லை. கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துப் பின் தளிர்க்கும். அத்தளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்தில் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. அவற்றில் இனிய நீர் ஊறும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அந்நாட்களில் தலைக்கு மேலே ஓர் இரைச்சலைக் கேட்பார்கள். அண்ணாந்து பார்த்தாற் பூவைக் காணமுடியாது. இலையிலிருந்தே தேன் எடுக்கப்படுகிறது. நம் புலவர்கள் இறப்பர் மரத்தைக் கண்டிருந்தால் இதனை விட்டிருக்கமாட்டார்கள்.

இனி மாணவியின் முதற் கேள்விக்கு வருவோம்.

பெட்டியை விட்டு முதன்முறை வெளிவரும் இளந்தேனீ நேரே பறந்து போவதில்லை. வாயிலை நோக்கித் திரும்பி, அந்தரத்தில் நின்று, பக்கத்துக்குப் பக்கம் அசைந்து, பின் வளைய வளைய அகன்று செல்லும். வீட்டின் தோற்றத்தை அது மனத்திற் பதித்துக்கொள்கிறது. அண்மைக்கு இது போதும். சேய்மைக்கு அதன் துணை சூரியன். தான் செல்லும் திசைக்கும் சூரியன் நிற்கும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தை அது காத்துக்கொள்கிறது; திரும்புகையில் அதனை மாற்றிப் பிடிக்கிறது. தூரத்தையோ, பறக்கையிற் கண்ணுக்குக் கீழே ஓடி மறையும் நிலக்காட்சியின் அளவைக்கொண்டு கணக்கிடுகிறது. பெங்களூரிற் பயின்று அவுஸ்திரேலியாவில் ஆய்வு செய்த சீனிவாசன் என்பாரும் அவர் குழுவினரும் இதனை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சுவரிற் புள்ளிக் கோலம் நெருக்கமாக இட்ட, சில மீற்றரே நீளமுடைய ஒடுங்கிய குழாயினூடு பறந்த தேனீக்கள், தாம் நூற்றுக்கு மேற்பட்ட மீற்றர் தூரம் சென்று வந்தனவாகக் கூட்டிலே அறிவித்தனவாம். பாவம், சுவர்கள் கண்ணுக்கு மிக அருகில் விரைந்து ஓடியமையால் ஏமாந்தன.

'அறிவித்தன' என்றேன். அஃது எங்ஙனம்? ஆஸ்திரிய அறிஞர் கார்ல் வொன் பிரிஷ் 1940களில் தெளிவுபடுத்திய உண்மை அது. 1973இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. வளமான இடங்கண்டு மீண்ட தேனீ, செங்குத்தான அடையின்மேல், உடலை ஆட்டிக்கொண்டே நேர்கோடாகச் சிறிது தூரம் ஓடும். பின் ஒருபுறம் வளைந்து தொடங்கிய இடத்துக்கு வரும். மீண்டும் ஆடி ஓடி மறுபுறம் வளையும். அந்த நேர் ஓட்டம் மேல்நோக்கி இருந்தால், 'சூரியன் இருக்கும் திசையிற் செல்லுங்கள்' என்பது பொருள். கீழ்நோக்கின், சூரியனுக்கு எதிர்த்திசை. மேல்நோக்கிய கோட்டுக்கு இடப்புறமாக 40 பாகை சாய்ந்தால், சூரியனுக்கு இடப்புறமாக 40 பாகை. ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு தொலைவு. கூட்டுக்குள்ளே இருள், ஆடுவதைச் சூழ்ந்து நிற்பன அதனைத் தொட்டும் அதிர்வை உணர்ந்துமே அறிகின்றன. வெளியே சூரியன் நிற்கும் திசை, உள்ளே 'மேல்' என்பதாக மாறுகிறது. கண்ணாற் கண்டதை உடலின் பாரத்தால் உணர்த்தும் இம்மொழிபெயர்ப்பை நினைக்குந்தோறும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

வொன் பிரிஷ் ஆராய்ந்தது ஐரோப்பியத் தேனீயை. அவருடைய மாணாக்கர் மார்ட்டின் லிண்டவர் என்பார், தேனீயினங்கள் பலவும் ஒருங்கே வாழும் நாட்டைத் தேடி 1950களின் நடுப்பகுதியில் நம் இலங்கைக்கு வந்தார். 1956இல் அவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கொம்புத்தேனீ தன் அடையின் தட்டையான மேற்பரப்பில் ஆடுகிறது என்று அவர் கண்டார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை; போகவேண்டிய திசையை நேராகவே சுட்டி ஓடுகிறது. மலைத்தேனீ செங்குத்தான அடையில் ஆடினும் வானந் தெரியும் இடத்திலே ஆடுகிறது. அடுக்குத்தேனீ மட்டுமே ஐரோப்பியத் தேனீயைப் போல முற்றும் இருளில் ஆடவல்லது. மூன்றினுக்கும் தூரக் கணக்கும் வெவ்வேறு. நம் யாழ்ப்பாணத் தமிழும் மலையகத் தமிழும் போல என்று வைத்துக்கொள்க. பெங்களூரிலே மூவினத்தையும் ஒருங்கே வைத்து நடத்தி 2020இல் வெளியான ஆய்வும் இதனை உறுதி செய்தது. அண்மையிலே இரை தேடும் அடுக்குத்தேனீ சிறு தூரத்துக்கே நெடுநேரம் ஆடும்; நெடுந்தூரஞ் செல்லும் மலைத்தேனீ அதே தூரத்தைச் சுருங்கச் சொல்லி முடித்துவிடும்.

லிண்டவர் இங்கே எதிர்கொண்ட மற்றொரு கேள்விதான் என்னை ஆட்கொண்டது. ஜெர்மனியில் எந்நாளும் நண்பகற் சூரியன் தெற்கே சரிந்து நிற்கும். ஆகவே அதற்கு எப்பொழுதும் ஒரு திசை உண்டு. இலங்கையிலோ ஏறத்தாழ ஏப்ரல் 5ஆம் நாள் தெய்வேந்திரமுனையில் தொடங்கி, 15ஆம் நாள் பருத்தித்துறை வரைக்கும், ஊர் ஊராகச் சூரியன் உச்சங் கொடுத்துச் செல்கிறது. இரத்தினபுரிக்கு அது ஏப்ரல் 7 அளவில் நிகழும், கேகாலைக்கு மறுநாள். அந்நாளில் நண்பகல் 12 மணி 11 நிமிட அளவில் நட்டுவைத்த கோலுக்கு நிழல் இராது. தலைக்கு நேர்மேலே நிற்கும் சூரியனுக்குத் திசை ஏது? அதனைக்கொண்டு வழிசொல்லும் தேனீ அவ்வேளையில் என்ன செய்யும்?

சூரியன் உச்சிக்கு மிக அணுகி நிற்கும் அச்சிறு பொழுதில் ஆட்டம் குழம்பிவிடுகிறது என்று லிண்டவர் கண்டு 1957இல் எழுதினார். அது சில நிமிட நேரமே. வெப்பமிகுந்த நடுப்பகலில் தேனீக்கள் பெரும்பாலும் வெளிச்செல்லாது அடங்கியிருப்பதால் அவற்றுக்குப் பெரும் நட்டமுமில்லை. அந்நாளில் வேறொரு புதுமையும் உண்டு. காலையிலிருந்து சூரியன் உயர உயர ஏறினாலும் திசையளவில் ஏறக்குறையக் கிழக்கிலேயே நிற்கும். நண்பகல் கடந்ததும் மேற்குக்குத் தாவிவிடும். மாலைவரை அங்கேயே நிற்கும்.

இதனோடும் முடியவில்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர்த் தொடக்கம் வரை இரத்தினபுரியில் நண்பகற் சூரியன் வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். ஆகவே அம்மாதங்களிற் சூரியன் கிழக்கு, வடக்கு, மேற்கு என இடஞ்சுழியாகச் செல்கிறது. ஏனைய மாதங்களிற் கிழக்கு, தெற்கு, மேற்கு என வலஞ்சுழியாகச் செல்கிறது. ஐரோப்பியத் தேனீ என்றும் வலஞ்சுழியே கண்டது. நம் தேனீயோ ஆண்டுக்கு இருமுறை திரும்பும் சூரியனோடு வாழ்கிறது. வேலையாள் தேனீயின் ஆயுள் சில கிழமைகளே. பங்குனிக் கடைசியிற் பிறந்த ஒன்று தன் வாழ்நாளிலேயே இரண்டையும் காணும். ஆகையாற் சூரியன் செல்லும் வழியைத் தாயிடமிருந்து பெற்று அப்படியே வைத்திருத்தல் அதற்கு உதவாது. பார்த்துக் கற்றல் வேண்டும்.

முற்றிலும் கற்றே அறிகிறதா என்றால், அதுவுமில்லை. அமெரிக்காவில் டயர், டிக்கின்சன் என்னும் இருவர் 1994இல் ஓர் அரிய சோதனையை வெளியிட்டனர். பிறந்தது முதல் மாலைச் சூரியனை மட்டுமே காணும்படி வைத்த தேனீக்களை, மேகம் மூடிய ஒரு நாட் காலையில் முதன்முறையாக வெளியே விட்டனர். காலைச் சூரியனைக் கண்டறியாத அவை, மாலையில் தாம் கண்ட இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் அது நிற்பதாகக் கொண்டு ஆடின. நண்பகல் வரை அங்கே, நண்பகல் கடந்ததும் சட்டென இங்கே என்பதே அவை பிறவியிற் கொண்டுவந்த கணக்கு. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். அவர்கள் நாட்டுச் சூரியன் அப்படிச் செல்வதில்லை. அப்படிச் செல்வது, உச்சங் கொடுக்கும் நாளில் நம் இரத்தினபுரிச் சூரியன்! இன்று வாழும் தேனீயினங்களுள் மிகப் பல தென்னாசியாவையும் தென்கிழக்காசியாவையும் சேர்ந்தவை. குளிர்நாட்டுத் தேனீ பிறக்கும்போதே வெப்பநாட்டு வானத்தைத் தலைக்குள் சுமந்துவருகிறது என்று கருத எனக்கு விருப்பம். இஃது என் கருத்தே, ஆய்வாளர்மேல் ஏற்றற்க.

சப்பிரகமுவத்தில் இருந்துகொண்டு மழையை மறத்தல் இயலாது. நாட்டின் மிகுமழை பெறும் நகரங்களுள் ஒன்று இரத்தினபுரி. நீல வானத்தில் ஒரு துண்டு தெரிந்தாலும் அவ்வொளியின் அதிர்வுத் திசையைக்கொண்டு சூரியன் மறைந்திருக்கும் இடத்தைத் தேனீ அறியும். நம் கண்ணுக்கு அவ்வாற்றல் இல்லை. வானம் முழுதும் மூடிவிட்டாலோ, மலையும் மரவரிசையும் ஓடையும் அதற்குத் துணை. டயர், கூல்ட் என்போர் 1981இல் இதனைக் காட்டினர். இந்த வேளைக்குச் சூரியன் அம்மரவரிசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்று நினைவிற் கொண்டு, காணாத சூரியனை வைத்தே தேனீ ஆடுகிறது. கூட்டைப் பெயர்த்து, தோற்றத்தில் ஒத்த வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனபோது, மூடிய வானின்கீழ் அவை பழைய ஊரிலேயே இருப்பதாக எண்ணி ஆடினவாம். தோட்டம் விட்டுத் தோட்டம் பெயர்ந்த நம் முதியோர் சிலர் இன்னும் பழைய லயத்தின் திசையையே சொல்லி வழிகாட்டுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கென்றே ஒரு செய்தி உண்டு. சீனாவின் குன்மிங்கில் நடத்திய சோதனை 2023இல் வெளியாயிற்று. மூத்த தேனீக்களின் ஆட்டத்தைத் தொடர்ந்து பாராமல் வளர்ந்த இளந்தேனீக்கள் தாமாக ஆடத் தொடங்கியபோது திசையிலும் தூரத்திலும் பிழை மலிந்தது. நாட்செல்லத் திசைப்பிழை குறைந்தது. தூரப்பிழையோ இறுதிவரை தீரவில்லை. ஆட்டம் பிறவிக் குணம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதிலும் பாடங்கேட்டல் என்று ஒன்று உண்டு.

மாணவியின் இரண்டாம் கேள்விக்குரிய மலைத்தேனீயின் செயல் இன்னும் ஆழமானது. நிலவொளியிலும் அது இரை தேடும். நிலவிற் பறந்தாலும் நிலவைத் துணைக்கொள்வதில்லை. அடிவானின் கீழே மறைந்துவிட்ட சூரியனைக் குறித்தே ஆடுகிறது என்று டயர் 1985இல் எழுதினார். பருவத்துக்கேற்ப அடையை விட்டுக் குடியோடு பெயர்ந்து, தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே போய்வரும். இலங்கையில் இக்குடிபெயர்ச்சியை ஆராய்ந்து கோனிகர் இணையர் 1980இல் வெளியிட்டனர். மாதங்கள் கழிந்தபின் அக்குடி முன்பு தங்கிய மரத்துக்கே மீளவும் கூடும். அஸ்ஸாமில் நிகழ்ந்த மரபணு ஆய்வொன்று, திரும்பி வந்தது அதே இராணியின் குடிதான் என்று 2000இல் மெய்ப்பித்தது. போன வேலையாட்கள் இதற்குள் இறந்திருக்கும். வந்தவை அம்மரத்தை முன்பு காணாதவை.

இது நம் தோட்டத்து முதியோர்க்குப் புதிதன்று. இன்ன மலையில் இன்ன மரத்தில் இன்ன மாதம் வரும் என்பது கங்காணிமார்க்கும் தெரியும். அப்படியிருந்தும் அம்மாதத்தில் அம்மரத்தின் அடியிலேயே கொழுந்துக்கு ஆள் விடுவதும், கொட்டுண்டபின் 'எதிர்பாராத சம்பவம்' என்று எழுதிக்கொள்வதும் எனக்கு விளங்கவில்லை. மரத்தையும் மாதத்தையும் குறித்துப் பிரட்டுக் களத்தில் ஒரு தாளை ஒட்டிவைக்கப் பெருஞ்செலவு பிடியாது. இரவிலே தீப்பந்தம் பிடித்து அடையை எரிப்பதே பரிகாரம் என்பாரும் உளர். அடை எரியும், அந்தக் கிளைக்கு அடுத்த பருவத்தில் மற்றொரு குடி வருவதை அது தடுக்காது.

அடுத்த ஏப்ரல் 7ஆம் நாள், புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய நாட்களுள் ஒன்று. பாடசாலையின் பின்புறத்துத் தேனீப் பெட்டிக்கு அருகே வெறுந்தரையில் ஒரு மூங்கிற் கோலை நூற்குண்டு பிடித்து நேராக நட்டோம். பிள்ளைகள் சூழ்ந்து நின்றனர். நல்லகாலம், அன்று வெயில். நிழல் குறுகிக்கொண்டே வருகையில் அந்த மாணவி என்னருகே வந்து நின்றாள். அவளுக்கு நான் பட்ட கடன் நினைவிருந்தது.

"அம்மாவின் உடம்பிலிருந்து கொடுக்குகளைப் பிடுங்கினார்களா?" என்று கேட்டேன்.

"ஆமா சேர். நர்ஸ் சுரண்டிச் சுரண்டி எடுத்தாங்க. எண்பதுக்கு மேல இருந்துச்சாம்."

"அப்படியானால் அவை குளவியல்ல. குளவி கொட்டிவிட்டுக் கொடுக்கோடு திரும்பிப் போகும், மறுபடியும் கொட்டும். தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. தோலிற் சிக்கிக்கொண்டால் உடம்பிலிருந்து அறுந்துவிடும். கொடுக்கை விட்ட தேனீ உயிரோடு இராது. அம்மாவைக் கொட்டியவற்றில் ஒன்றும் கூட்டுக்குத் திரும்பவில்லை." பின்னர், அறுந்த கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாசனை போன்ற ஒரு மணம் எழும், அதுவே மற்றத் தேனீக்களுக்கு இலக்கைக் காட்டும், ஆகவே அங்கேயே நின்று அடித்து விரட்டாமல் முகத்தை மூடிக்கொண்டு விரைவில் விலகிப்போய்ப் பிறகு கொடுக்குகளை எடுக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். வீட்டிலும் சொல்லும்படி சொன்னேன்.

அவள் சற்றுநேரம் பேசவில்லை. "அவ்வளவும் செத்துப்போச்சா?" என்றாள். சினமா இரக்கமா என்று அக்குரலில் என்னாற் பிரித்தறிய முடியவில்லை.

"சேர், நிழல் இல்ல!" என்று சிறுவர்கள் கூவினர். கோலின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. பெட்டியின் வாயிலைப் பார்த்தோம். காவலுக்கு நின்ற நான்கைந்து தேனீக்களைத் தவிர அங்கு அசைவில்லை. தலை சுட்டது, ஒருவரும் நகரவில்லை. சிறிது பொழுதிற் கோலின் கிழக்குப் புறத்தில் நகக்கீற்றளவு நிழல் தோன்றிற்று. அது ஒரு விரலளவு நீண்டபோது, பெட்டி வாயிலில் ஒரு தேனீ வந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இறப்பர் மலைப்பக்கமாகப் பறந்தது.